பழைய பிரீஅம்ப்: முதலில் ஊத்தை, பிறகு ஈயம்

அலுமாரிக்கு மேல் கனகாலம் கிடந்த 1970களின் ஸ்டீரியோ பிரீஅம்ப் (பவர் அம்பிளிபயருக்கு முன்னால் நின்று சின்ன சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஒன்று கைக்கு வந்தவுடன், உள்ளே உள்ள கப்பாசிற்றர் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் போட்டு, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும் ஆளிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த அவசரம் தேவையில்லை. யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் கிடந்த பெட்டியில் முதலில் கெடுவது சுவிச்சும் வொலியூம் கொன்ரோலும் பின்பக்கச் சொக்கற்றும்தான். "ஒரு பக்கம் பாடவில்லை", "திருகினால் கரகரக்குது", "மேலே தட்டினால் சத்தம் வருகுது" என்று சொல்லப்படும் பெட்டிகளில் அநேகமானவை ஒரு பாகமும் மாற்றாமலே சரிவரும். மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கரண்ட், ஊத்தை, தொடுப்பு ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் ஈயத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

பிரீஅம்ப் என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். இசைத்தட்டு ஓடும்போது ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் மூவிங் மக்னெற் காட்ரிட்ஜிலிருந்து வருவது 3 முதல் 5 மில்லிவோல்ற். அதை ஏறக்குறைய 100 மடங்கு, அதாவது 40 டெசிபெல், பெருக்க வேண்டும். அதோடு, தட்டு வெட்டும்போது குறைத்து வைத்த அடித்தொனியைக் கூட்டவும், கூட்டி வைத்த உச்சத்தொனியைக் குறைக்கவும் வேண்டும். ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு என்பது இதுதான். 1 கிலோஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் 100 ஹேர்ட்ஸில் 13 டெசிபெல் கூடுதல், 10 கிலோஹேர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபெல் குறைவு. இவ்வளவு சின்ன சிக்னல் போகும் வழியில் சுவிச்சின் வெள்ளித் தகடு கொஞ்சம் கறுத்தாலே காதுக்குத் தெரிந்துவிடும்.

பிளக் செருக முதல்

பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். லண்டனிலிருந்து வந்தது 240 வோல்ற்று. ஜேர்மனி, பிரான்ஸ் பக்கத்துப் பழைய பெட்டிகள் 220. கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது 120. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது 100. எங்களுக்கு வருவது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். பின்பக்கத்திலோ மூடிக்குள்ளோ வோல்ற்றேஜ் மாற்றும் சுவிச் இருந்தால், 220, 240 என்று இரண்டும் உள்ள இடத்தில் 240இல் வையுங்கள். 220 சுற்றில் 240 வோல்ற்றைக் கொடுத்தால் ரான்ஸ்போமரின் மறுபக்கமும் 9 சதவீதம் கூடும். வோல்ற்றேஜை நிலையாக வைக்கும் ரெகுலேற்றர் ரான்சிஸ்ரர் தேவையில்லாமல் சூடேறும், பில்ற்றர் கப்பாசிற்றர் தன் எல்லையை நெருங்கும்.

120இலிருந்து 240க்கு மாற்றும்போது பியூஸையும் மாற்ற வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே வலுவுக்கு இழுக்கும் மின்னோட்டம் பாதியாகிறபடியால், 0.5 அம்பியர் இருந்த இடத்தில் 0.25 போட வேண்டும். அதுவும் ஆறுதலாக எரியும் வகைதான். இல்லாவிட்டால், தொடக்க இழுப்பிலேயே போய்விடும். 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் பியூஸை 3 அம்பியராக்குங்கள்.

மாற்றும் வசதி இல்லாத 120 வோல்ற்றுப் பெட்டிக்கு 50 வி.ஏ. ஸ்ரெப் டவுன் ரான்ஸ்போமர் தாராளம். "60 ஹேர்ட்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் 50 ஹேர்ட்ஸில் அதன் ரான்ஸ்போமர் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள். கை தாங்காவிட்டால் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். அமெரிக்க, கனடாப் பெட்டிகளின் பின்பக்கத்தில் ரேன்ரேபிள் செருகுவதற்கென்று பவர் துளைகள் இருக்கும். பெட்டி எந்த வோல்ற்றேஜில் ஓடுகிறதோ அதுதான் அங்கேயும் வரும். அதில் எதையும் செருகாமல் மூடிவிடுவது நல்லது.

எங்கள் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரண்ட் இல்லாத 1990களில் சைக்கிள் டைனமோவிலும் பற்றரியிலும் பாட்டுக் கேட்ட இடம் இது. பற்றரியில் ஓட்டுவதற்காக உள்வயரை மாற்றிய பெட்டியாகவும் உங்களுடையது இருக்கலாம். ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்ரிபயருக்குப் பிறகு, கம்பனி வேலையாகத் தெரியாத இரண்டு வயர்கள் ஈயம் வைத்து வெளியே வந்திருந்தால், அவற்றைக் கழற்றி, பாதை பழையபடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு போங்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுப்பது சீரிஸ் பல்ப் ஊடாகத்தான். 40 வாற்று குண்டு பல்ப் ஒன்றை லைவ் வயரில் தொடராகப் போடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. பிரீஅம்ப் இழுப்பது 10, 20 வாற்றுத்தான். ஆகவே பல்ப் ஒரு கணம் மினுங்கிவிட்டு இழை மட்டும் சிவந்து நின்றால் சரி. முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே சோர்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். பிரச்சினை இல்லாவிட்டால் 20 நிமிடம் அப்படியே விட்டு, ரெகுலேற்றருக்குப் பிறகு வரும் வோல்ற்றேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூடி திறந்திருக்கும்போது ஒரு கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். பவர் சுவிச்சின் கால்களில் 230 வோல்ற்று வெளியில் நிற்கும். முதல் வேலையாக அதற்கு உறை போட்டுவிடுங்கள்.

அந்தப் பவர் சுவிச்சுக்குக் குறுக்கே தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற உறையோடு ஒரு சின்னக் கப்பாசிற்றர் இருந்தால், சோதிக்காமலே மாற்றுங்கள். உள்ளே இருப்பது கடதாசி. உறை நுண்ணிதாக வெடித்து, ஈரம் ஏறி, ஒரு நாள் புகையோடு போகும். கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் வெடிப்புகள் தெரியும். அதே மைக்ரோஃபரட்டில், பெரும்பாலும் 0.01 முதல் 0.1 வரை, எக்ஸ்2 என்று அச்சிட்ட 275 வோல்ற்று ஏ.சி. வகையைப் போடுங்கள். 400 வோல்ற்று டி.சி. கப்பாசிற்றரைப் போட்டால் பொருந்தும்தான், ஆனால் அது அந்த இடத்துக்கு உரியதல்ல.

ஊத்தையும் களிம்பும்

மூடியைக் கழற்றியதும் காற்றுத் துளைக்குக் கீழே பாருங்கள். பல்லி முட்டை, பல்லி எச்சம், குளவி கட்டிய மண், எறும்புப் புற்று எல்லாம் அங்கேதான் கிடக்கும். குளவி மண்ணைக் காய்ந்த நிலையிலேயே மரக்குச்சியால் உதிர்த்து, மென்மையான பிரஷால் தள்ளி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மண் கரைந்து பலகையெல்லாம் பரவும். பல்லி எச்சம் செம்பை அரிக்கும். எச்சம் இருந்த இடத்தைச் சுரண்டாமல், ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, கீழே செம்புப் பாதை அறுந்திருக்கிறதா என்று மல்ரிமீற்றரால் பாருங்கள். உப்புக் காற்றுப் பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு இருந்தால் அதையும் இப்படியே எடுக்கலாம்.

யப்பானியப் பெட்டிகளில் பெரிய கப்பாசிற்றர்களின் அடியில் மஞ்சள் பசை ஊற்றியிருப்பார்கள். வருடம் போகப்போக, வெப்பத்தில் அது கருங்காவி நிறமாகிக் கட்டிப்படும். அந்த நிலையில் அது மின்சாரத்தைக் கசியவிடும், பக்கத்தில் உள்ள ரெசிஸ்ரர், டயோட் கால்களையும் தின்னும். சூடாக்காமல், மூங்கில் குச்சியால் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுங்கள். பசைக்குள் புதைந்திருந்த கால்கள் கறுத்திருந்தால் அந்தப் பாகத்தை மாற்றுவதே சரி.

அடுத்தது சுவிச்சுகள். ஒரு பக்கம் பாடாத பிரீஅம்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேப் மொனிற்றர் சுவிச். சிக்னல் முழுவதும் அதன் ஊடாகத்தான் போகிறது. ஆனால் பல வீடுகளில் அதை வருடக்கணக்காக ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது அமுங்கிக் கிடந்தாலே எந்தச் சத்தமும் வராது, ஏனென்றால் பெட்டி கசெற் டெக்கிலிருந்து பாட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அதை முப்பது, நாற்பது தடவை அமுக்கி விடுங்கள். சத்தம் வந்து வந்து போனால் தொடுப்புத்தான் பிரச்சினை. மின் தொடுப்புக்கென்று விற்கும் கிளீனரை, மெல்லிய குழாயைச் செருகி, சுவிச்சின் உள்ளே போகும்படி கொஞ்சமாக அடித்து, திரும்பவும் இயக்குங்கள். ஹாட்வெயார் கடையில் ஆணிக் கறள் கழற்ற விற்கும் ஸ்பிறேயும் மண்ணெண்ணெயும் வேண்டாம். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகும்.

வொலியூம் கொன்ரோலின் உடம்பில், கால்களுக்கு மேலே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். கிளீனர் போக வேண்டியது அங்கேதான். தண்டின் பக்கமாக அடித்தால் உள்ளே உள்ள கிறீஸ் கழுவுப்பட்டு, திருகும்போது இருந்த அந்தக் கனதி போய்விடும். பழைய பெட்டியின் வொலியூம் குமிழைத் திருகும்போது கைக்கு வரும் சுகம் இந்தக் கிறீஸால் வருவது, அதைக் காப்பாற்றுங்கள்.

வடிவாகக் கழுவிய பிறகும் வொலியூமைத் திருகும்போது கரகரத்தால், குற்றம் அநேகமாக வொலியூமில் இல்லை. சிக்னலை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுக்க அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கப்பாசிற்றர், டி.சி.யைக் கசியவிடுகிறது. பாட்டுப் போடாமல், வொலியூமின் மேல் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் டி.சி. மில்லிவோல்ற்றை அளவுங்கள். ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை. 10, 20 என்று நின்றால் அந்தக் கப்பாசிற்றரைக் கழற்ற வேண்டும். இதைத் தெரியாமல் நல்ல வொலியூம் கொன்ரோலைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அதே அளவு, அதே தண்டு நீளத்தில் இன்னொன்று தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

சத்தத்தைக் கேட்டுப் பழுதைப் பிடிப்பது

ஹம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த ஹம் என்று கேட்க வேண்டும். தடித்த, அடிவயிற்றில் கேட்கும் 50 ஹேர்ட்ஸ் ஹம் என்றால் வயர் இணைப்பில் அல்லது கிரவுண்டில் பிரச்சினை. ரேன்ரேபிளின் கிரவுண்ட் வயரைப் பின்பக்கத் திருகில் இறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பவர் அம்பிளிபயரின் ரான்ஸ்போமருக்கு மேலே பிரீஅம்பை அடுக்கி வைத்திருந்தாலும் இது வரும். ஓர் அடி தள்ளி வைத்தாலே குறையும். ரிவி, டிஷ் அன்ரெனா வயர் ஏதாவது இதோடு இணைந்திருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஹம்மை நிறுத்துவதற்காகப் பிளக்கின் ஏர்த் வயரை வெட்டுவது உயிரோடு விளையாடுவது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

அதைவிட ஒரு படி மேலே, ரீங்காரமாகக் கேட்கும் 100 ஹேர்ட்ஸ் என்றால் பவர் சப்ளைதான்: பில்ற்றர் கப்பாசிற்றர் வற்றிவிட்டது, அல்லது ரெகுலேற்றர் வேலை செய்யவில்லை.

அடுத்து வொலியூமை முழுவதும் குறையுங்கள். சத்தம் அப்படியே நின்றால் பழுது வொலியூமுக்குப் பிறகு. குறைந்தால் அதற்கு முன். பிறகு செலெக்ரரை ஓக்ஸில் (சீ.டி. போன்றவற்றுக்கான பொது உள்ளீடு) வையுங்கள். போனோவில் (ரேன்ரேபிளுக்கான உள்ளீடு) மட்டும் வந்தால் போனோ பலகை. எல்லாவற்றிலும் வந்தால் ரோன் கொன்ரோல் பலகை அல்லது பவர் சப்ளை. இந்த இரண்டு திருகலிலேயே தேட வேண்டிய இடம் கால்வாசியாகிவிடும். ஸ்டீரியோ என்பதால் இன்னொரு பெரிய வசதி உண்டு: கெட்ட பக்கத்தில் ஒவ்வொரு இடமாக அளக்கும்போது, நல்ல பக்கத்தில் அதே இடத்தின் வோல்ற்றேஜே உங்களுக்குச் சுற்றுப்படம். சேர்விஸ் மனுவல் இல்லாதபோது இதை விடச் சிறந்த வழி கிடையாது.

மழை பெய்வது போன்ற இரைச்சலுக்கு இடையில் "டப், சட சட" என்று ஒரு பக்கத்தில் மட்டும் வந்தால் அது ரான்சிஸ்ரர். அந்தக் கால யப்பானியச் சின்ன ரான்சிஸ்ரர்களில் 2எஸ்.சி.458 இதற்குப் பேர்போனது, கால்கள் கறுத்திருக்கும். கே.எஸ்.சி.1845 அதற்கு நல்ல மாற்று, கால் ஒழுங்கும் ஒன்றுதான்: எமிற்றர், கலெக்ரர், பேஸ். பி.சி.550 போட்டால் பேஸ் நடுவில் வரும். காலை முறுக்கிச் சரிக்கட்ட வேண்டும், கவனியாமல் செருகினால் வேலை செய்யாது. ஒரு பக்கத்தில் மாற்றினால் மறுபக்கத்தில் அதே இடத்திலும் மாற்றுங்கள்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

பவர் சப்ளையின் பெரிய கப்பாசிற்றர்கள் 40, 50 வருடமாகிவிட்டால் மாற்றலாம். 1000 மைக்ரோஃபரட் 35 வோல்ற்று இருந்த இடத்தில் 1000 அல்லது 1500, வோல்ற்று 35 அல்லது 50, சூடு 105 பாகை என்று போடுங்கள். ஐந்து மடங்கு பெரிதாகப் போட்டால் ரெக்ரிபயர் டயோட்டுக்குத்தான் கேடு. சின்ன எலெக்ரொலிற்றிக்குகளை மலிவான பாகச் சோதனைக் கருவியில் வைத்து ஈ.எஸ்.ஆர். (கப்பாசிற்றரின் உள்தடை) பாருங்கள். புதிதாக வாங்கியவற்றையும் அளந்துதான் போட வேண்டும், போலிச் சாமான் எங்கும் உண்டு. மணி வடிவத் தந்தலம் கப்பாசிற்றர்கள் சோர்ட் ஆகும் பழக்கம் உள்ளவை. பவர் லைனில் இருப்பவற்றையாவது அதே அளவு, கூடிய வோல்ற்று எலெக்ரொலிற்றிக்கால் மாற்றிவிடுங்கள்.

தொடக் கூடாதது போனோ பலகையின் ஆர்.ஐ.ஏ.ஏ. பகுதி. அங்கே உள்ள பொலிஸ்ரரீன், பொலியெஸ்ரர் கப்பாசிற்றர்கள் இலேசில் கெடுவதில்லை. இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்படி கம்பனியில் பார்த்துப் போட்டவை அவை. அளவு பிசகினால் பாடகர் குரல் நடுவிலிருந்து ஒரு பக்கம் சாயும். பொலிஸ்ரரீன் ஈயக்கோலின் சூட்டிலேயே உருகும், ஆகவே பக்கத்தில் வேலை செய்யும்போதுகூட அதன் காலைக் குறட்டால் பிடித்துச் சூட்டை இழுத்துவிடுங்கள்.

பலகை காவி நிறக் கடதாசிப் பலகையாக இருந்தால் செம்பு கெதியாக உரியும். 330 பாகை, 60/40 ஈயம், ஒரு காலுக்கு மூன்று செக்கனுக்கு மேல் வேண்டாம். இளகாவிட்டால் இழுக்காமல், கொஞ்சம் புது ஈயம் சேர்த்துத் திரும்பவும் சூடாக்குங்கள். பின்பக்கச் சொக்கற்றுகளின் கால்களையும் வொலியூமின் கால்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். காலைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய வெடிப்பு இருந்தால், "தட்டினால் சத்தம் வருகுது" என்பதற்குக் காரணம் அதுதான்.

முடிந்ததும் போனில் ஒலி எழுப்பும் அப் ஒன்றால் சோதிக்கலாம். போனின் வெளியீட்டை 0.5 வோல்ற்றாக வைத்து, 10 கிலோ ஓமைத் தொடராகவும் 100 ஓமைக் கிரவுண்டுக்கும் போட்டால் போனோ உள்ளீட்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிவோல்ற் வரும். 1 கிலோஹேர்ட்ஸில் ரேப் அவுட்டில் (கசெற் டெக்குக்குப் போகும் வெளியீடு) 0.5 வோல்ற்றுக்குக் கிட்ட இருக்க வேண்டும். 100 ஹேர்ட்ஸில் அதன் நாலரை மடங்கு. மலிவான மீற்றர் உயர்ந்த ஹேர்ட்ஸில் சரியாகக் காட்டாது, ஆகவே 10 கிலோஹேர்ட்ஸில் இடதையும் வலதையும் ஒப்பிட மட்டும் பாவியுங்கள். பவர் அம்பிளிபயரை இணைக்க முதல், வெளியீட்டில் டி.சி. இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பாவிக்கும்போது

பழைய பிரீஅம்பின் ஓக்ஸ் உள்ளீட்டுக்கு 150 மில்லிவோல்ற் அளவு வந்தாலே முழு வெளியீடு கிடைத்துவிடும், இன்றைய சீ.டி. பிளேயரும் டி.ஏ.சி.யும் (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக்கும் கருவி) தருவது 2 வோல்ற்று. அதனால் வொலியூமைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும், இரண்டு பக்கமும் சமமாகவும் இராது. வொலியூம் கொன்ரோலின் தொடக்கப் பகுதிதான் மிகவும் சமமற்றது. 10 கிலோ ஓம் தொடராக, 2.2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு என்று ஒவ்வொரு பக்கமும் போட்டால் 15 டெசிபெல் குறைந்து 0.36 வோல்ற்றாகும். குமிழ் நடுவில் நின்று வேலை செய்யும்.

வெளியீட்டுப் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. வெளியீட்டுக் கப்பாசிற்றர் 0.47 மைக்ரோஃபரட் என்றால், 100 கிலோ ஓம் பவர் அம்பிளிபயரோடு 3.4 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். இன்றைய 10 கிலோ ஓம் உள்ளீட்டோடு இணைத்தால் 34 ஹேர்ட்ஸிலேயே விழத் தொடங்கும். "பழையது, அடித்தொனி இல்லை" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுதான். 4.7 மைக்ரோஃபரட் பிலிம் கப்பாசிற்றர் போட இடமிருந்தால் போடுங்கள்.

1967இல் வந்த குவாட் 33 போன்ற பெட்டிகளில் டின் (DIN) எனப்படும் வட்டமான, பல ஊசிச் சொக்கற் இருக்கும். பொதுவான 5 ஊசி டின்னில் நடுவில் உள்ள 2 கிரவுண்ட், 3 இடது, 5 வலது. 1உம் 4உம் பதிவுக்குப் போகும் சிக்னல். ஊசிகள் வரிசையாக 1, 4, 2, 5, 3 என்று நிற்கும் என்பதை மறந்து ஈயம் வைத்தால் ஒரு பக்கம் பாடாது.

மோனோ பொத்தானைப் பலர் தேவையற்றதென்று நினைக்கிறார்கள். மோனோவில் பதிவான பழைய நாதஸ்வர, தவில் தட்டுகளைப் போட்டு அதை அமுக்கிப் பாருங்கள். ஊசி மேலும் கீழுமாக அசைவதால் வரும் சரசரப்பு இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக இருக்கும். சேர்த்ததும் அதில் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும். தவிலின் வலந்தலை அடி ஒவ்வொன்றும் பிரிந்து கேட்கும். 78 ஆர்.பி.எம். தட்டுக்கு அதற்குரிய அகன்ற ஊசி வேண்டும். அதோடு போனோ வழி உச்சத்தொனியைத் தேவைக்கு மேல் வெட்டிவிடுவதால், ட்ரெபிளைக் கூட்டி, ஹை பில்ற்றரால் இரைச்சலை மட்டும் வெட்டுங்கள். இந்த வசதியெல்லாம் இன்றைய பெட்டிகளில் அரிது.

போடும்போது பிரீஅம்பை முதலில், பவர் அம்பிளிபயரைக் கடைசியில். நிறுத்தும்போது பவர் அம்பிளிபயர் முதலில். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது இரண்டும் ஒன்றாக எழும்பி ஸ்பீக்கரில் "தொம்" என்று விழும். ஆகவே கரண்ட் நின்ற உடனேயே பவர் அம்பிளிபயரின் சுவிச்சை நிறுத்திவிடுங்கள். சதுர அலை தரும் மலிவான இன்வேற்றரில் ஓட்டினால் போனோவில் ரீங்காரம் வரும், பெட்டியில் பழுது தேட வேண்டாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக் காலத்தில், பாட்டுக் கேட்காவிட்டாலும் கிழமைக்கு ஒரு தடவை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, எல்லாச் சுவிச்சையும் குமிழையும் நாலைந்து தடவை இயக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த கிளீனர் தகரம் வாங்கக் கனகாலம் எடுக்கும்.